மூன்றாவது கையெழுத்து

மாட்டாஸ்பத்திரிக்கும் மனுஷ ஆஸ்பத்திரிக்கும் நடுவில் ஒரே ஒரு சாலைதான். வாசற்படியிலிருந்து வாசற்படிக்கு நாற்பத்திரண்டு எட்டு. டாக்டரம்மா ஒரு நாள் சும்மா எண்ணிப் பார்த்திருக்கிறாள். லாரி எதுவும் குறுக்கே வராவிட்டால் ஒரு நிமிஷம்கூட ஆகாது. அந்த நாற்பத்திரண்டு எட்டைக் கடக்க இருபத்தாறு நாள் ஆன கதைதான் இது. கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரலாம். எனக்கு வரவில்லை.

டாக்டரம்மா மாட்டு டாக்டர். அவளுடைய உதவியாளர் பெயர் இடுக்கி. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு, ஆனால் அது வருகைப் பதிவேட்டைத் தாண்டி வெளியே வந்ததே இல்லை. வயிற்றுக்குள் கன்று குறுக்கே திரும்பிக்கொண்டால் தோள் வரைக்கும் கையை விட்டுக் காலைப் பிடிப்பார். பிடித்தால் விடமாட்டார். அதனால் இடுக்கி. இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். டாக்டரம்மாவைவிடப் பத்து வயது மூத்தவர் என்பதால் அவள் 'அண்ணே' என்பாள்.

ஒரு திங்கட்கிழமை காலையில் பால்காரர் ஒருவர் செவலைப் பசு ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்தார். வாயிலிருந்து எச்சில் நூல் நூலாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ரெண்டு நாளாகத் தீனி எடுக்கவில்லை, குரல் கம்மிப்போயிருந்தது.

"கிழங்கு ஏதோ முழுங்கியிருக்கு டாக்டர். தொண்டைல சிக்கிக்கிச்சு" என்றார் பால்காரர்.

அவர் சொன்னதை டாக்டரம்மாவும் நம்பிவிட்டாள். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கினது அவள், விழுந்தது வேறொருவர், அதுதான் கொடுமை. கடைசியாக மிச்சமிருந்த ஒரு ஜோடி நீளக் கையுறையைப் போட்டுக்கொண்டு அவள்தான் முதலில் பசுவின் வாய்க்குள் கையை விட்டாள். அவள் கை குட்டை, தொண்டைக்குழி வரை எட்டவில்லை.

"அண்ணே, நீங்க கொஞ்சம் பாருங்களேன்."

அந்த ஒரு வாக்கியத்தை அவள் பிறகு எத்தனை ஆயிரம் தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்திருப்பாள் என்று அவளுக்கே தெரியாது.

"இருங்கண்ணே, இந்த உறையைக் கழட்டித் தர்றேன்."

"அட, உறை போட்டா விரலுக்குக் கண்ணு தெரியாது டாக்டரம்மா" என்று சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு இறங்கிவிட்டார் இடுக்கி. ஆட்காட்டி விரலில் முந்தின நாள் கயிறு அறுக்கும்போது பட்ட கத்திக் கீறல் இன்னும் ஆறாமல் இருந்தது. உள்ளே விட்டார், துழாவினார், நிதானமாக வெளியே எடுத்தார்.

"உள்ள ஒண்ணுமே இல்லையே."

டாக்டரம்மா அவர் மணிக்கட்டைப் பிடித்துக் குழாயடிக்கு இழுத்தாள். தொண்டையில் ஒன்றும் இல்லை, ஆனாலும் ஏதோ சிக்கிக்கொண்ட மாதிரி ஒரு மாடு எச்சில் வடிக்கிறது, கத்தவும் முடியவில்லை என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று முதல் வருஷப் பாடத்திலேயே வந்துவிடும். வெறிநோய். வெறிநாய் எதுவோ எப்போதோ அந்தப் பசுவைக் கடித்திருக்கிறது. யாரும் பார்க்கவில்லை.

குழாயைத் திறந்துவிட்டு, சோப்புக் கட்டி கரைகிற வரை அவர் கையைக் கழுவ வைத்தாள். கால் மணி நேரம் பக்கத்திலேயே நின்றாள். "தோலு உரிஞ்சிடும் போலிருக்கே!" என்று அவர் சிரித்தார். தன்னைப் பற்றி அவளுக்குப் பயமில்லை. படிக்கிற காலத்திலேயே அவளுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டார்கள். அவருக்குப் போடவில்லை. இருபத்திரண்டு வருஷமாக மாட்டு வாய்க்குள்ளேயே குடியிருந்த மனுஷனுக்கு ஒரு ஊசி கிடையாது. மனுஷனுக்கு ஊசி போடுவது எங்கள் வேலை இல்லை என்றது கால்நடைத் துறை. அவர் உங்கள் துறை ஆள், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றது சுகாதாரத் துறை. ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால் என்று நிற்கவைத்துவிட்டார்கள்.

உடனே அவரை எதிர்ப்பக்கம் அனுப்பினாள். பத்தே நிமிஷத்தில் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார்.

"என்னண்ணே, போட்டாச்சா?"

"எங்க? 'எங்கய்யா கடிச்சுது நாயி?'ன்னு கேட்டாங்க நர்ஸம்மா. நாயில்லம்மா மாடு, அதுவும் கடிக்கலன்னேன். 'மாடு கடிக்காததுக்கு நாய்க்கடி ஊசியா?'ன்னுட்டாங்க. வரிசைல நின்னவங்கல்லாம் சிரிச்சாங்க. எனக்கே சிரிப்பு வந்துடுச்சு."

டாக்டரம்மா தானே சாலையைக் கடந்து போனாள். அங்கே ஒரு டாக்டர் இருந்தார், எதிர் டாக்டர் என்று இவர்கள் பக்கத்தில் சொல்வார்கள். எதிரி இல்லை, எதிரே இருப்பவர், அவ்வளவுதான். தங்கமான மனுஷன். ஊசி விஷயத்தைக் கேட்டதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"போன வருஷமா இருந்தா இந்நேரம் போட்டு அனுப்பியிருப்பேம்மா. இப்ப மருந்து தட்டுப்பாடு. நாய்க்கடி இல்லாத கேசுக்கு இணைப்புப் பிரிவுக் கடிதம் இருந்தாத்தான் மருந்தறைல எடுத்துத் தருவாங்க. நாலாவது விதி." கொஞ்சம் தயங்கினார். "உங்க விதிதாம்மா."

அது உண்மை. அந்த விதியை எழுதினவள் அவள்தான்.

இணைப்புப் பிரிவு என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். மனுஷன், மிருகம், மண்ணு, தண்ணி இதெல்லாம் ஒரே உடம்பு, ஒன்றுக்கு நோவு வந்தால் எல்லாவற்றுக்கும் வரும், ஆகவே மூன்று துறையும் சேர்ந்து வேலை செய்யணும் என்று மேலிடத்திலிருந்து நாடு முழுக்க ஓர் உத்தரவு வந்தது. நல்ல உத்தரவு. அதில் ஒரு குறையும் நான் சொல்ல மாட்டேன். இந்த ஊரில் அதற்கு மாடியில் ஓர் அறை, மூன்று நாற்காலி, ஒரு பீரோ, ஒரு மின்னஞ்சல் பெட்டி கொடுத்தார்கள். பெட்டியின் கடவுச்சொல் மாதம் ஒரு துறையிடம் இருக்கும். யார் பெரியவர் என்ற சண்டை வரக்கூடாது பாருங்கள். எதிர் டாக்டர், டாக்டரம்மா, சுற்றுச்சூழல் அதிகாரி என்று மூன்று உறுப்பினர்கள். மூன்றாமவர் எந்நேரமும் ஆற்றங்கரையில் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருப்பார், அதனால் அவருக்கு ஆத்துக்காரர் என்று பெயர்.

விதிகளை எழுதச் சொன்னபோது மற்ற இரண்டு பேரும் கொட்டாவி விட்டார்கள். டாக்டரம்மா மூன்று நாள் உட்கார்ந்து எழுதினாள். நாலாவது விதியில் அவளுக்குத் தனிப் பெருமை. மிருகத்திடமிருந்து மனுஷனுக்குத் தொற்றும் எந்த நோயைப் பற்றியும் ஒரு துறை இன்னொரு துறையிடம் நேராகப் பேசக்கூடாது. ஆய்வக முடிவு உறுதியான பிறகு, மூன்று கையெழுத்தோடு, இணைப்புப் பிரிவுக் கடிதமாகத்தான் போகணும். எதற்கு இந்தக் கெடுபிடி? அதற்கு முந்தின வருஷம் நாலு கோழி செத்ததைப் பற்றி அவள் எதிர் டாக்டருக்குப் போன் பண்ணினாள். சாயங்காலத்துக்குள் ஊரே முட்டை வாங்குவதை நிறுத்திவிட்டது. மறுநாள் கோழி வளர்ப்பவர்கள் கட்டையோடு வந்து அவள் மேசையைப் புரட்டினார்கள். கடைசியில் பார்த்தால் கோழிகள் செத்தது வெயிலில். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது. அதனால்தான் நாலாவது விதி.

பசு புதன்கிழமை செத்தது. தலையை ஐஸ் பெட்டியில் வைத்துத் தலைநகர ஆய்வகத்துக்கு அனுப்பினாள். அன்றே கடிதத்தையும் எழுதித் தன் கையெழுத்தைப் போட்டாள். கையெழுத்து ஒன்று ஆயிற்று. எதிர் டாக்டர், "முடிவு வந்த நிமிஷம் நான் போட்டுடறேன்" என்றார். வெளியே வாங்கலாமே என்று கேட்பீர்கள். ஊரில் இருந்த நாலு மருந்துக்கடையிலும் அவள் ஏறி இறங்கினாள். பக்கத்து ஊர்களுக்கும் போன் போட்டுக் கேட்டாள். எங்கேயும் நாலு மாதமாகச் சரக்கே வரவில்லை. இருந்த மருந்தெல்லாம் அந்த நாற்பத்திரண்டு எட்டுக்கு அப்பால், குளிர்பெட்டியில்.

அவள் மனசுக்குள் நாள் கணக்குப் போட்டாள். கடி இல்லை, கீறல்தான். முகத்தில் இல்லை, விரலில். நோய் தலைக்கு ஏற மாசக் கணக்காகும். அவகாசம் இருக்கிறது. இப்படித் தனக்குத்தானே சொல்லிக்கொண்டுதான் ஒவ்வொரு ராத்திரியும் தூங்கினாள். படித்தவளுக்குக் கணக்கு ஒரு தலையணை.

இடுக்கி தினமும் காலையில் வந்ததும் அறைக்குள் தலையை நீட்டுவார்.

"கடிதாசி வந்துச்சா டாக்டரம்மா?"

"இன்னும் இல்லண்ணே."

"சரி, அது வர்ற வரைக்கும் குரைக்காம இருக்கேன்."

முதல் தடவை அவளும் சிரித்தாள். பத்தாவது நாள் அவளால் முடியவில்லை. பன்னிரண்டாவது நாள் ஆய்வகத்துக்குப் போன் போட்டாள்.

"அது மூணு நாளுக்கு முன்னாடியே அனுப்பியாச்சே மேடம்."

"யாருக்கு?"

"இணைப்புப் பிரிவு மெயிலுக்கு."

"முடிவு என்னன்னு மட்டும் சொல்லுங்க."

"அதை இணைப்புப் பிரிவுக்குத்தான் சொல்லணும், மேடம்."

"நான்தான்யா இணைப்புப் பிரிவு!"

மறுமுனையில் தாள் புரளும் சத்தம். "இந்த மாசம் நீங்க இல்லையே மேடம். சுற்றுச்சூழல்னு போட்டிருக்கு."

இந்த மாதம் ஆத்துக்காரர் முறை. அவரோ எட்டு நாளாக ஆற்றின் மேல் பக்கம் போயிருந்தார். அங்கே மீன்கள் வெள்ளை வெள்ளையாக மிதந்துகொண்டிருந்தன. செல்போன் எடுக்காத இடம். கடவுச்சொல் அவர் சட்டைப் பையில் இருந்த சின்ன டைரியில். அவரைக் குற்றம் சொல்ல முடியுமா? அவர் வேலையை அவர் ஒழுங்காகத்தான் செய்துகொண்டிருந்தார். எல்லாரும் அவரவர் வேலையை ஒழுங்காகத்தான் செய்தார்கள், அதுதான் வினை.

பத்தொன்பதாவது நாள் அவள் பஸ் ஏறி மேல் பக்கம் போனாள். அவர் முந்தின நாளே இன்னும் மேலே போய்விட்டாராம். சேற்றில் செருப்பு அறுந்து, வெறுங்காலோடு திரும்பி வந்தாள். வரும் வழியெல்லாம் ஒரு யோசனை ஓடிற்று. பேசாமல் எதிர் ஆஸ்பத்திரி மருந்தறைக்குள் நுழைந்து, குளிர்பெட்டியைத் திறந்து எடுத்துவிட்டால் என்ன? யார் தடுக்கப் போகிறார்கள்? யோசித்தாள். வேலை போகும் என்று யோசித்தாள். தான் எழுதிய விதியைத் தானே மீறினால் நாளைக்கு யார் மதிப்பார்கள் என்று யோசித்தாள். பஸ் ஊருக்குள் நுழைந்துவிட்டது. இறங்கி வீட்டுக்குப் போனாள்.

இருபத்துநாலாவது நாள் ஆத்துக்காரர் வெயிலில் கறுத்து வந்து சேர்ந்தார். மின்னஞ்சல் பெட்டியைத் திறந்தார். அவர் வாய் திறந்து படிக்கும் முன்னே அவள் திரையில் பார்த்துவிட்டாள். வெறிநோய் உறுதி. முடிவு பதினைந்து நாளாக அந்தப் பெட்டிக்குள்ளேயே கிடந்திருக்கிறது. ஆத்துக்காரர் ஆடிப்போய்விட்டார். நின்றபடியே கையெழுத்துப் போட்டார். கையெழுத்து இரண்டு.

மூன்றாவது கையெழுத்துக்கு எதிர்ப்பக்கம் ஓடினாள். எதிர் டாக்டர் ஊரில் இல்லை. தலைநகரில் ரெண்டு நாள் பயிற்சி. என்ன பயிற்சி என்று கேட்டாள். மூன்று துறை ஒத்துழைப்புப் பயிற்சியாம். நாசமாய்ப் போக!

இருபத்தாறாவது நாள் காலை எட்டு மணிக்கு, பயணப் பெட்டியைக் கீழே வைக்காமலே எதிர் டாக்டர் கையெழுத்துப் போட்டார். இணைப்புப் பிரிவுக் கடித எண் ஒன்று. அரை மணியில் இடுக்கிக்கு ஊசி ஏறியது. விரலைச் சுற்றியும் போட்டார்கள். "எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்ல, இதுக்கா இவ்ளோ அலைச்சல்?" என்று கையை உதறிக்கொண்டு வந்தார். டாக்டரம்மா அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள்.

அடுத்த வாரம் தேசியக் குழு வந்தது. மாடி அறையில் இடம் போதாமல் கீழ்க் கூடத்தில் நாற்காலி போட்டார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு தண்ணீர் பாட்டில். எண் ஒன்று கடிதத்தைப் பெரிதாகத் திரையில் காட்டினார்கள். மூன்று துறையின் மூன்று கையெழுத்தும் பளிச்சென்று தெரிந்தன.

"மொத்தம் எத்தனை நாள் ஆச்சு?" என்று கேட்டார் குழுத் தலைவர்.

"இருபத்தாறு" என்றாள் டாக்டரம்மா.

"அருமை! மத்த ஊர்ல இன்னும் முதல் கடிதமே போகல. நீங்க எல்லாருக்கும் முன்மாதிரி."

கைதட்டினார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் மேசைமேல் இருந்த அவள் போன் அதிர்ந்தது. இடுக்கியின் மனைவி.

"டாக்டரம்மா, ரெண்டு நாளா விரல் மதமதன்னு இருக்குன்னு சொல்லிட்டே இருந்தாரு. இன்னைக்குக் காலைல தண்ணி குடுத்தேன். டம்ளரைப் பார்த்ததும் தொண்டையைப் பிடிச்சுக்கிட்டாரு. குடிக்கவே முடியல. என்னம்மா இது? சளியா?"

டாக்டரம்மா தன் முன்னால் இருந்த பாட்டிலைப் பார்த்தாள். ஊசிக்கு முன்னாலேயே நோய் நரம்பில் ஏறியிருந்திருக்கிறது, தண்ணீரைக் கண்டு தொண்டை அடைத்த பிறகு எந்த ஊசியும் பலிக்காது. எழுந்தாள். தலைவர் ஏதோ கேட்டார், அவள் காதில் விழவில்லை. கூடத்தை விட்டு வெளியே வந்து இடுக்கியின் வீட்டுக்கு ஓடினாள்.

அவரை எதிர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து கடைக்கோடி அறையில் படுக்கவைத்தார்கள். வெளிச்சம் கண்ணில் பட்டால் உடம்பு தூக்கிப்போடுகிறது என்று பட்டப்பகலில் ஜன்னலுக்குப் போர்வை கட்டியிருந்தார்கள். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து அவர் வாயில் வடிந்த எச்சிலை வெறும் கையாலேயே வழித்துப் புடைவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டிருந்தாள். தையல் வேலை செய்கிறவள், விரலெல்லாம் ஊசி குத்தின புள்ளிகள்.

இடுக்கிக்கு நினைவு தெளிவாக இருந்தது. அந்த நோயில் அதுதான் பெரிய பாவம். இடையிடையே நல்ல புத்தி வந்துபோகும்.

"டாக்டரம்மா" என்றார். குரல் கம்மிப்போயிருந்தது. "அந்தச் செவலைக்கு இப்படித்தானே இருந்திருக்கும்? பாவம், வாயில்லா ஜீவன். தொண்டைல ஏதோ சிக்கின மாதிரியே இருக்கு. உள்ள ஒண்ணும் இல்லன்னு எனக்குத் தெரியும். நான்தானே பார்த்தேன்."

அவள் அழுதாள். அழக்கூடாது என்று நினைக்கக்கூட இல்லை. "என்னை மன்னிச்சிடுங்கண்ணே. நான்தான் கைய விடச் சொன்னேன். அந்த விதியையும் நான்தான் எழுதினேன். மருந்தறையை உடைச்சாவது எடுத்திருக்கணும். பஸ்ல யோசிச்சேன். செய்யல. வேலை போயிடும்னு பயந்துட்டேன்."

அவர் பரவாயில்லை என்று சொல்லவில்லை. கண்ணைத் திருப்பி மனைவியைப் பார்த்தார்.

"அது போகட்டும். அவ என் எச்சிலைத் துடைச்சிருக்கா, பார்த்தீங்களா? விரல் பூரா ஓட்டை." மூச்சு இழுத்தது. அடங்கும்வரை காத்திருந்தார். "கடிதாசி எழுதாதீங்க டாக்டரம்மா. நடந்து போங்க."

"போறேண்ணே. இப்பவே போறேன்."

"அதுக்கு முன்னாடி என் கையைக் கட்டுங்க. வெறி வந்தா யாரைப் பிடிப்பேன்னு எனக்கே தெரியாது. என் பிடி உங்களுக்குத் தெரியும். நர்ஸுங்க போடற கட்டு நிக்காது. நீங்க கட்டுங்க, நம்ம முடிச்சு."

மாட்டாஸ்பத்திரியில் ஒரு முடிச்சு உண்டு. மாடு திமிறத் திமிற இறுகும். தடுமாறிக் கீழே விழுந்துவிட்டால் மட்டும், கயிற்றின் வால் நுனியைப் பிடித்து ஒரு இழு இழுத்தால் மொத்தமும் அவிழ்ந்துவிடும், கழுத்து நெரிபடாது. துணியைக் கிழித்து, கட்டிலின் இரண்டு பக்கமும் அவர் மணிக்கட்டுகளை அந்த முடிச்சால் கட்டினாள். அவர் இழுத்துப் பார்த்துச் சரி என்று தலையசைத்தார்.

பிறகு மனைவியின் கையைப் பிடித்து, ஊசிப் பிரிவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். கடிதம் எங்கே என்று கேட்கவில்லை. எதிர் டாக்டரே பின்னால் வந்து மருந்தறைச் சாவியை நீட்டினார். மனைவிக்கு அன்று என்ன நடக்கிறது என்றே தெரியவில்லை. கையை நீட்டச் சொன்னார்கள், நீட்டினாள்.

மறுநாள் மதியம் இடுக்கி போய்ச் சேர்ந்தார். டாக்டரம்மா முடிச்சின் வால் நுனிகளைப் பிடித்து இழுத்தாள். இரண்டும் ஒரே இழுப்பில் அவிழ்ந்தன.

அந்த ஊசியை ஒரு தடவையோடு விட முடியாது. மூன்றாம் நாள் அடுத்தது போடணும். புருஷனைப் பறிகொடுத்த வீட்டிலிருந்து டாக்டரம்மாவே போய் அவளை அழைத்துக்கொண்டு வந்தாள். மாட்டாஸ்பத்திரி வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கி, இருவரும் சாலையைக் கடந்தார்கள். நர்ஸ் பஞ்சால் துடைத்தாள், குத்தினாள், எடுத்தாள். சுவரில் கடிகாரம் இருந்தது. இன்று மனைவிக்குக் கண் தெளிவாக இருந்தது. கடிகாரத்தைப் பார்த்தாள், ஊசியைப் பார்த்தாள், திறந்த கதவு வழியாக எதிரே தெரிந்த மாட்டாஸ்பத்திரி வாசலைப் பார்த்தாள்.

"முடிஞ்சுதா?" என்று கேட்டாள்.

"முடிஞ்சுதுக்கா" என்றாள் நர்ஸ்.

"இவ்ளோதானா டாக்டரம்மா? இதுக்குத்தானா அவரு இருபத்தாறு நாள் காத்துக்கிட்டிருந்தாரு?"

பஞ்சை அழுத்திப் பிடித்திருந்த அந்தக் கையை டாக்டரம்மா விடவில்லை.

"இவ்ளோதான்க்கா" என்றாள்.